டோயிக் தேர்வில் 600 வாங்க மூன்று மாதம் போதுமா?

கேள்வி: மேடம், எனக்கு வயது 31. திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமத்தில் பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் டிப்ளமோ மெக்கானிக்கல். இப்போது ஒரகடத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை செய்கிறேன். ஜப்பானில் இருக்கும் தலைமை ஆலைக்கு இரண்டு வருஷம் அனுப்ப ஆள் எடுக்கிறார்கள். அதற்கு டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலத் தேர்வில் 600 வேண்டுமாம். தேர்வு மூன்று மாதத்தில். கம்பெனியிலேயே வைத்த மாதிரித் தேர்வில் எனக்கு 410 வந்தது. லிசனிங் 165, ரீடிங் 245. ரீடிங்கில் கடைசி 20 கேள்விக்கு நேரமே இல்லை, அப்படியே விட்டுவிட்டேன். கிராமர் ஓரளவு வரும், முன்பு மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படித்திருக்கிறேன். தாம்பரத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் 18,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? ஒரு நண்பர் 5,000 வார்த்தை மனப்பாடம் செய் என்கிறார், இன்னொருவர் இங்கிலீஷ் படம் பார் என்கிறார். தமிழ் மீடியத்தில் படித்ததுதான் பிரச்சினையா?
— ஆர்., குரோம்பேட்டை

அன்புள்ள ஆர்.,

18,000 ரூபாய் இப்போதைக்கு உங்கள் கையிலேயே இருக்கட்டும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வீண் என்று சொல்லவில்லை. ஜப்பான் போவது உறுதியானதும் சேருங்கள், அங்கே நிச்சயம் உதவும். ஆனால் நீங்கள் எழுதப்போகும் டோயிக் லிசனிங் அண்ட் ரீடிங் தேர்வில் வாயைத் திறக்கும் வேலையே கிடையாது. இரண்டு மணி நேரம், 200 கேள்வி, எல்லாமே விடையைத் தேர்ந்தெடுத்து பென்சிலால் வட்டத்தை நிரப்புவதுதான். பேசுவதற்கும் எழுதுவதற்கும் டோயிக்கில் தனித் தேர்வுகள் உண்டு. உங்கள் எச்.ஆர். கேட்பது அவற்றை அல்ல என்பது நீங்கள் எழுதிய மதிப்பெண்ணைப் பார்த்தாலே தெரிகிறது.

ஜப்பான் கம்பெனிகள் ஏன் இந்தத் தேர்வையே பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று நினைத்திருப்பீர்கள். ஜப்பானியர்கள் கேட்டுக்கொண்டதால்தான் அமெரிக்காவின் இ.டி.எஸ். நிறுவனம் இதை உருவாக்கியது. 1979-ல் முதல் தேர்வு நடந்ததும் ஜப்பானில்தான். அலுவலகத்தில் புழங்கும் ஆங்கிலம் ஒருவருக்கு எவ்வளவு புரிகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். ஷேக்ஸ்பியரும் வராது, எஸ்.எஸ்.சி. தேர்வில் கேட்கிற மாதிரி பழமொழி, மரபுத்தொடர் என்று தனிப் பகுதியும் வராது. மின்னஞ்சல், கூட்டம் தள்ளிப்போன அறிவிப்பு, ஹோட்டல் புக்கிங், பழுதான பிரிண்டர், இப்படித்தான் போகும்.

உங்கள் கடிதத்தில் நான் முதலில் கவனித்தது அந்த 165-ஐத்தான். லிசனிங், ரீடிங் இரண்டுமே தனித்தனியாக 5 முதல் 495 வரை. மொத்தம் 990. ஒரே ஆள், ஒரே ஆங்கிலம், ஆனால் படிக்கும்போது 245, கேட்கும்போது 165. அதிலும் ரீடிங்கில் 20 கேள்வியைத் தொடாமலே 245. லிசனிங்கில் வந்த வாக்கியங்களை எழுதிக் காட்டியிருந்தால் பாதிக்கு மேல் உங்களுக்குப் புரிந்திருக்கும் என்று தைரியமாகச் சொல்வேன். நீங்கள் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர். புத்தகத்தில் பார்த்தீர்கள், கரும்பலகையில் பார்த்தீர்கள், டிராயிங்கிலும் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டிலும் பார்க்கிறீர்கள். காதில் விழுந்தது பெரும்பாலும் நம் ஊர் வாத்தியார் ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துச் சொன்ன ஆங்கிலம். இதற்கும் தமிழ் மீடியத்துக்கும் சம்பந்தம் குறைவு. இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, சரளமாகப் பேசியபடி என்னிடம் வருகிறவர்களில் பலரும் முதல் மாதிரித் தேர்வில் லிசனிங்கில்தான் தடுமாறுகிறார்கள்.

தேர்வில் வரும் குரல்கள் அமெரிக்க, பிரிட்டிஷ், கனடா, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் இருக்கும். நம் உச்சரிப்பு கிடையாது, உங்கள் ஜப்பானிய மேலதிகாரியின் உச்சரிப்பும் கிடையாது. நீங்கள் ‘ஷெட்யூல்’ என்பதை அமெரிக்கர் ‘ஸ்கெஜூல்’ என்பார். ‘வாட்டர்’ அவர் வாயில் ‘வாடர்’ ஆகிவிடும். ஆஸ்திரேலியர் ‘டுடே’ என்று சொன்னால் சில நேரம் ‘டுடை’ என்று விழும். ‘டிட் யூ’ சேர்ந்து ‘டிஜ்ஜூ’ ஆகும், ‘வான்ட் டு’ குறுகி ‘வானா’ ஆகும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் எந்த அசையை அழுத்துகிறார்கள் என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். எல்லாவற்றையும்விட மோசம் அமெரிக்கர் சொல்லும் ‘கேன்’, ‘கேன்ட்’. கடைசி ‘ட்’ காதில் விழவே விழாது. ‘கேன்’ என்பதை அவர் ‘கென்’ என்று விழுங்கிவிட்டு அடுத்த சொல்லை அழுத்துவார், ‘கேன்ட்’ என்றால் அதையே அழுத்துவார். இதெல்லாம் இலக்கணப் புத்தகத்தில் கிடைக்காது. 5,000 வார்த்தைப் பட்டியலிலும் கிடைக்காது.

அதனால் உங்கள் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் காதுக்குக் கொடுங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

மாதிரித் தேர்விலிருந்து ஒரு சின்ன உரையாடலை எடுங்கள், அரை நிமிஷம் ஓடுவது போதும். எழுத்து வடிவத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள். நான்காவது முறை நிறுத்தி நிறுத்தி, காதில் விழுந்ததை விழுந்தபடியே நோட்டில் எழுதுங்கள். ஸ்பெல்லிங் தப்பினால் பரவாயில்லை, தமிழ் எழுத்திலேயே எழுதினாலும் எனக்குச் சம்மதம். அப்புறம் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தெரியாத வார்த்தையால் விட்ட இடம் கொஞ்சமாகத்தான் இருக்கும். தெரிந்த வார்த்தையே காதில் விழாத இடம்தான் நிறைய. அந்த இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டு, ஒலியோடு சேர்ந்து அதே வேகத்தில் நீங்களும் சத்தமாகச் சொல்லுங்கள். வாய்க்குப் பழகிய ஒலியைக் காது சீக்கிரம் பிடிக்கும். ஒரு நாளைக்கு இப்படி ஒரு உரையாடல், அரை மணி நேரம். பத்து ஒலிப்பதிவை ஒரே ஒரு முறை கேட்பதைவிட ஒன்றைப் பத்து முறை கேட்பதில் பலன் அதிகம்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரகடம் வரை கம்பெனி பஸ்ஸில்தானே போவீர்கள்? முடிச்சூர், படப்பை நெரிசலில் நிற்கும் நேரத்தில், முந்தின நாள் எழுதிப் பார்த்த அதே உரையாடலைத் திரும்பக் கேளுங்கள், புதிதாக எதுவும் வேண்டாம். மாறுதலுக்கு பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ கேட்கலாம், எழுத்து வடிவமும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஏபிசி, கனடாவின் சிபிசி வானொலிச் செய்திகளும் அவ்வப்போது காதில் விழட்டும், அந்த உச்சரிப்புகள் பழகும். இங்கிலீஷ் படம் பார்க்கச் சொன்ன நண்பரிடம் தேர்வு முடிந்ததும் சேர்ந்து பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். சப்டைட்டில் இருந்தால் கண்தான் வேலை செய்யும். உங்களிடம் ஏற்கெனவே நன்றாக இருப்பது அதுதானே.

வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போது இயர்போன் வேண்டாம். கம்பெனிகளில் நடக்கும் தேர்வில் பெரும்பாலும் அறையில் ஸ்பீக்கர் வைத்துத்தான் ஒலிபரப்புவார்கள். ஃபேன் ஓடட்டும், தெருவில் ஆட்டோ ஹாரன் அடிக்கட்டும், ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுப் பழகுங்கள். தேர்வில் எல்லாம் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். அதனால் மாதிரித் தேர்வின் நடுவே நிறுத்துவதோ, பின்னால் போய்க் கேட்பதோ கூடாது.

லிசனிங்கில் நான்கு பகுதி. முதலாவது ஆறு படங்கள், அதில் பெரிய சிக்கல் இல்லை. இரண்டாவது பகுதியில்தான் உங்கள் மதிப்பெண் அதிகம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். 25 கேள்வி, புத்தகத்தில் எதுவும் அச்சிட்டிருக்காது. கேள்வியும் குரலில், மூன்று விடைகளும் குரலில். கண்ணுக்குப் பிடிமானமே இருக்காது. உதாரணமாக, ‘வென் வில் த ரிப்போர்ட் பி ரெடி?’ என்று கேள்வி வருகிறது. முதல் விடை ‘யெஸ், ஐ ரெட் இட்.’ இரண்டாவது ‘ஆஸ்க் மரியா, ஷீஸ் ரைட்டிங் இட்.’ மூன்றாவது ‘ஆன் த ரிப்போர்ட்டர்ஸ் டெஸ்க்.’ ‘ரெடி’ கேட்ட காது ‘ரெட் இட்’ பக்கம் சாயும், ‘ரிப்போர்ட்’ கேட்ட காது ‘ரிப்போர்ட்டர்’ பக்கம் சாயும். சரியான விடை இரண்டாவது. எப்போது என்று கேட்டால் நேரத்தைச் சொல்லாமல், மரியாவைக் கேள் என்கிறார்கள். நம் ஆபீஸிலும் அப்படித்தானே பதில் வரும்! எப்போது, எங்கே, யார் என்று தொடங்கும் கேள்விக்கு ‘யெஸ்’, ‘நோ’ என்று ஆரம்பிக்கும் விடையைத் தயங்காமல் தள்ளிவிடலாம். கேள்வியில் இருந்த ஒலியே விடையிலும் கேட்டால் சந்தேகப்படுங்கள். அதுவே சரியாக இருக்கும் நேரமும் உண்டு, ஆனால் குறைவு. இதில் கேள்வியின் முதல் இரண்டு சொல் தவறினால் மொத்தமும் போச்சு. ஆகவே முந்தின கேள்வி சரியா தப்பா என்ற யோசனையை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, நான்காவது பகுதிகளில் 39-ம் 30-மாக 69 கேள்வி. முதலில் உரையாடல்கள், அப்புறம் ஒருவரே பேசும் அறிவிப்பு, வாய்ஸ் மெயில், விளம்பரம். இங்கே கேள்விகள் அச்சில் இருப்பதால் உங்கள் கண்ணுக்கு வேலை உண்டு. ஒலி தொடங்கும் முன்பே அதற்குரிய மூன்று கேள்விகளையும் படித்துவிட வேண்டும். ஒலி முடிந்ததும் ஒவ்வொரு கேள்வியாக வாசித்து, நடுவில் சில விநாடி இடைவெளி விடுவார்கள். அவர்கள் வாசிப்பதற்குக் காத்திருக்காதீர்கள். மூன்றையும் உடனே நிரப்பிவிட்டு, மிச்ச நேரத்தில் அடுத்த மூன்று கேள்விக்குப் போய்விடுங்கள். கேள்விகளை மட்டும் படித்தால் போதும், விடைகளையும் படிக்கப் பார்த்தால் நேரம் போதாது.

இந்தப் பகுதிகளில் சரியான விடை பெரும்பாலும் ஒலியில் வந்த சொல்லோடு வராது. ‘த ட்ரக் ப்ரோக் டௌன் நியர் த வேர்ஹவுஸ்’ என்று கேட்டால், சரியான விடையில் ‘எ வெஹிக்கிள் இஸ் நாட் வொர்க்கிங்’ என்று இருக்கும். ‘வேர்ஹவுஸ்’ என்ற சொல்லைத் தவறான விடை ஒன்றில் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பாய்கிறவருக்காக விரித்த வலை அது. கேட்கும்போது மனதுக்குள் தமிழில் மொழிபெயர்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் குறைக்கப் பாருங்கள். முதல் வாக்கியத்தைத் தமிழாக்கி முடிப்பதற்குள் மூன்றாவது ஓடிவிடும். மேலே சொன்ன கேட்டு எழுதும் பயிற்சியிலேயே இது மெல்ல மெல்லக் குறையும்.

சரி, ரீடிங். விட்டுவிட்ட அந்த 20 கேள்வியைப் பற்றிப் பேச வேண்டும். எஸ்.எஸ்.சி. தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் வெட்டுவார்கள், அதனால் தெரியாததை விடுவது அங்கே புத்திசாலித்தனம். டோயிக்கில் நெகட்டிவ் மார்க் கிடையாது. டிஎன்பிஎஸ்சி தாளில் இருப்பதுபோல் ‘விடை தெரியவில்லை’ என்று ஐந்தாவது வட்டமும் கிடையாது. நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியிருந்தால்கூட, சராசரிக் கணக்கில் 20-ல் ஐந்து உங்களுக்குக் கிடைத்திருக்கும். ஒரு வட்டம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. கடைசி ஒரு நிமிஷத்தை மீதி வட்டங்களை ஒரே எழுத்தில் நிரப்ப ஒதுக்குங்கள். எந்த எழுத்து அதிகம் வரும் என்ற ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம்.

ஆனாலும் 20 கேள்விக்கு நேரம் இல்லாமல் போனது ஏன்? கிராமர் தெரிந்தவர்கள் ஐந்தாவது பகுதியில் உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே கோடிட்ட இடம் நிரப்ப 30 வாக்கியம். தெரிந்த விஷயம் என்பதால் ஒவ்வொன்றையும் ரசித்து, சரிபார்த்து, இருபது நிமிஷத்தைக் கரைத்துவிடுவார்கள். மொத்தம் 75 நிமிஷம், 100 கேள்வி. ஐந்தாவது பகுதி பத்து நிமிஷம், நான்கு பத்திகளில் 16 கேள்வி வரும் ஆறாவது பகுதியும் பத்து நிமிஷம். மீதி 55 நிமிஷமும் ஏழாவது பகுதியின் 54 கேள்விக்கு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பழகுங்கள்.

ஐந்தாவது பகுதியில் முதலில் விடைகளைப் பாருங்கள். நான்கும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்களாக இருந்தால் வாக்கியத்தின் பொருளே தேவைப்படாது. ‘த ஷிப்மென்ட் வாஸ் டேஷ் டிலேயிட்’ என்றால் கோட்டுக்கு இரு பக்கமும் பார்த்தால் போதும், ‘அன்எக்ஸ்பெக்டட்லி’ என்று நிரப்பிவிட்டு நகரலாம். நம் ஊர் ஆங்கிலம் நம்மை ஏமாற்றும் இடங்களும் உண்டு. ‘டிஸ்கஸ் அபௌட்’ என்றும் ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்றும் தினமும் ஆபீஸில் கேட்கிறோம், இந்தத் தேர்வில் இரண்டும் தப்பு. ‘பை’, ‘அன்டில்’ குழப்பம் வந்தால் தமிழே கைகொடுக்கும்: ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்று சொல்ல முடிந்தால் ‘பை’, ‘வெள்ளிக்கிழமை வரைக்கும்’ என்றால் ‘அன்டில்’. புதிதாகக் கிராமர் புத்தகம் வாங்க வேண்டாம், எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படித்ததே இதற்குக் காணும்.

ஏழாவது பகுதியில் மின்னஞ்சல், விளம்பரம், பட்டியல், சாட் உரையாடல். கடைசியில் இரண்டு மூன்று பத்திகளைச் சேர்த்துப் பார்த்து விடை சொல்ல வேண்டியவை. விலைப் பட்டியல் ஒரு இடத்தில் இருக்கும், எந்த அளவு வாங்கினார் என்பது மின்னஞ்சலில் இருக்கும். இரண்டையும் கோத்தால்தான் எவ்வளவு கட்டினார் என்று தெரியும். கேள்வியை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போங்கள். ‘இவற்றில் எது சொல்லப்படவில்லை’ என்ற வகைக் கேள்வி நேரத்தைத் தின்னும், அந்தத் தொகுப்பில் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வார்த்தைகள் பற்றி. இன்வாய்ஸ், டிஃபெக்ட், வெண்டர், வாரன்டி, ஷிப்மென்ட் எல்லாம் உங்கள் தினசரிப் புழக்கம். பட்டியலோடு வரும் நண்பருக்கு இது தெரிந்திருக்காது. உங்களிடம் இல்லாதவை வேறு பக்கத்துச் சொற்கள்: டெனன்ட், லீஸ், இட்டினரரி, கேட்டரிங், ரிஇம்பர்ஸ்மென்ட் என்று வீடு, பயணம், விருந்து, கணக்குப் பிரிவு சம்பந்தப்பட்டவை. தெரிந்த சொல்லே தெரியாத பொருளிலும் வரும். ‘அட்ரஸ் த ப்ராப்ளம்’ என்பதில் முகவரி எங்கே வந்தது? பிரச்சினையைக் கவனித்துத் தீர்ப்பது என்று அர்த்தம். மாதிரித் தேர்வில் எதிர்ப்பட்ட சொற்களை மட்டும், வந்த வாக்கியத்தோடு எழுதி வையுங்கள். நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம்.

குவாலிட்டிக்காரர் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ரிஜெக்ட் ஆன பாகத்துக்கு ‘ஏன், ஏன்’ என்று கேட்டுக் காரணம் தேடும் ‘வொய்-வொய் அனாலிசிஸ்’ போடுவீர்கள் அல்லவா, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் அதையே போடுங்கள். சொல் தெரியவில்லையா, தெரிந்தும் கேட்கவில்லையா, கேட்டும் வலையில் விழுந்தீர்களா, நேரம் போதவில்லையா? ஒரு மாதத்தில் எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். மாதிரித் தேர்வு எழுதியதைவிட இந்த அலசலுக்கு அதிக நேரம் ஆக வேண்டும். முழுத் தேர்வை முதல் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒன்று, கடைசி மாதம் வாரம் ஒன்று எழுதினால் போதும். இ.டி.எஸ். இணையதளத்தில் மாதிரி வினாக்கள் இலவசமாகக் கிடைக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். புத்தகம் வாங்கினால் 2018-க்குப் பிந்தைய வடிவமா என்று பாருங்கள். பழைய புத்தகங்களில் மூன்று பேர் பேசும் உரையாடலோ, படத்தையும் அட்டவணையையும் பார்த்துக்கொண்டே கேட்கும் கேள்வியோ இருக்காது.

மூன்று மாதத்தில் 600 வருமா? 190 மதிப்பெண் ஏறுவது, ஷிஃப்ட் வேலையோடு, லேசான காரியம் இல்லை. ரீடிங்கில் நேரத்தைச் சரிசெய்தால் 300-ஐ எட்டிவிடலாம். லிசனிங்கை 165-லிருந்து 300-க்குக் கொண்டுபோவதில்தான் மொத்த உழைப்பும் இருக்கிறது. இரவு வேலையான சி ஷிஃப்ட் வாரத்தில் பயிற்சியைக் கால் மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு நாளும் விடாதீர்கள், காது சீக்கிரம் மறந்துவிடும். என் கணிப்பில் 550 நிச்சயம் வரும், 600 உங்கள் அந்த அரை மணி நேரத்தைப் பொறுத்தது.

அதனால் இந்த வாரமே எச்.ஆரிடம் சில விஷயம் கேட்டுவிடுங்கள். 600 என்பது மொத்தமா, அல்லது லிசனிங்குக்குத் தனியாகக் குறைந்தபட்சம் உண்டா? கிடைக்காவிட்டால் அடுத்த தேர்வு எப்போது, அதுவரை அந்த இடம் உங்களுக்குத் திறந்திருக்குமா? மதிப்பெண் இரண்டு வருஷம்வரைதான் செல்லும் என்பதால், கம்பெனி எந்தத் தேதியிலிருந்து கணக்கு வைக்கிறது? கையோடு கையாக, தேர்வுக்கு முந்தின வாரம் நைட் ஷிஃப்ட் விழாமல் சூப்பர்வைசரிடம் மாற்றிக் கேளுங்கள். இரவெல்லாம் நின்றுவிட்டுக் காலையில் லிசனிங்குக்கு உட்கார்ந்தால் முதல் பத்து கேள்வி தூக்கத்திலேயே போய்விடும்.